மாப்ளே, மொதல்ல தண்ணிய உள்ள ஊத்துங்க

வாங்க மாப்ளே. ஷிஃப்ட் முடிஞ்சு வந்த அலுப்பு மொகத்துல தெரியுது. மோர் இருக்கு, குடிங்க. குடிச்சிட்டு அப்பிடியே கொல்லைப்பக்கம் ஒரு நடை வாங்க. மூணு நாளா வாயைக் கட்டிக்கிட்டு இருந்தன், இனிமே முடியாது. "அப்பா, அவரு ஆசையா பண்றாரு, நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது"ன்னு எம் பொண்ணு நான் வந்த அன்னிக்கே சட்டம் போட்டுடுச்சி. நான் எங்கிருந்து சொல்லப்போறன்? நீங்க படிச்சவரு. வீடு ஒசரத்துக்கு மெஷின் நிக்கிற நெய்வேலி மைன்ல வேலை பாக்குறவரு. நான் கடலூர் முதுநகர்ல நாப்பது வருசம் வாச்சியும் உளியும் புடிச்சி படகு கட்டுனவன். எனக்கு என்னா தெரியும்?

ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறன். முருங்கை மரத்தடியில கவுத்து வச்சிருக்கீங்களே, அது படகா, மாட்டுத் தொட்டியா?

கோவிச்சுக்காதீங்க. ரெண்டுக்கும் அப்பிடி ஒண்ணும் தூரம் இல்ல. தொட்டின்னா தண்ணி உள்ள நிக்கணும், படகுன்னா வெளிய நிக்கணும். அவ்ளதான் தொழிலு. அந்த ஒரு வித்தியாசத்தைக் காப்பாத்தத்தான் நாங்க நாப்பது வருசம் குனிஞ்ச முதுகு நிமிராம கெடந்தோம்.

அன்னிக்கி என்னா சொன்னீங்க? "மாமா, பலகை லேசா இருந்தாத்தான் மெதக்கும், அதனால லேசான பிளைவுட்டா பாத்து வாங்கியிருக்கன்"னு சொன்னீங்க. நான் தலையாட்டனன். மாப்பிள்ளை சொல்லுக்கு மாமனாரு தலையாட்டறது மரியாதை. ஆனா கடலூர் தொறமுகத்துக்கு அந்தாண்ட ஆழத்துல நின்ன கப்பலெல்லாம் இரும்புங்க. பிளைவுட் இல்ல. சமையக்கட்டுல இருக்குற எவர்சில்வர் குண்டானை அந்த டிரம்முல வச்சிப் பாருங்க, மெதக்கும். அதையே சுத்தியால தட்டி உருண்டையாக்கிப் போடுங்க, அடியில போயி ஒக்காந்துக்கும். (குண்டானை எடுக்கும்போது எம் பொண்ணு பாக்காம எடுங்க.) எடை ஒண்ணுதான், மாறுனது வயிறு. குண்டான் தன் வயித்தால தண்ணிய ஒதுக்குது. ஒதுக்குன தண்ணி எத்தினி கிலோவோ, அத்தினி கிலோவை ஏரி தாங்கிக் குடுக்கும். ஒரு பிடி கூடவும் தராது, கொறைக்கவும் கொறைக்காது. எங்க ஊரு மளிகைக் கடைக்காரரை விட நாணயம்.

இதுக்கு ஆர்க்கிமிடீஸ்னு ஒருத்தரு பேரை நீங்க சொன்னீங்க. இருக்கட்டும். ஆனா நீங்க தெனம் இதுமேலதான் நின்னுக்கினு வேலை பாக்குறீங்க, அது உங்களுக்கு ஞாபகம் வரலியே! போன தீவாளிக்கு நீங்கதானே எனக்குச் சொன்னீங்க: பழுப்பு நிலக்கரிக்கு அடியில ஒரு ஊத்து இருக்குது, அது சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ, 8 கிலோன்னு கீழ இருந்து மேல முட்டுது, ராப்பகலா பம்பு போட்டு எறைக்காம விட்டா மைனோட தரையே பொத்துக்கினு வந்துடும்னு. 1935-ல ஜம்புலிங்க முதலியார் நெலத்துல கரி தட்டுப்பட்ட கதையிலேருந்து 1956-ல கம்பெனி வச்சது வரைக்கும் சொன்னீங்க. நான் அப்பவே நெனச்சன், இந்தாளு வேலை பாக்குறது படகோட அடிப்பலகை மேலயாச்சேன்னு. படகுக்கு அடியில முட்டுறதும் அதே வேலைதான். அங்க அது முட்டுனா உங்களுக்குத் தூக்கம் போயிடும். இங்க அது முட்டலைன்னா எங்களுக்குப் பொழைப்பு போயிடும்.

சரி, கணக்குக்கு வருவம். நீங்க கம்ப்யூட்டர்ல என்னமோ கலர் கலரா படம் போட்டு வச்சிருக்கீங்க. நான் வெரல்ல போடறன், பாருங்க. உங்க படகு எட்டடி நீளம், மூணேகால் அடி அகலம், அடி தட்டை. இது தண்ணியில ஒரு வெரக்கடை எறங்குனா, ஏறக்குறைய 45 லிட்டரை ஒதுக்கும். அதாவது ஒரு சிமெண்ட் மூட்டைக்குக் கொஞ்சம் கம்மி. இப்ப ஏறுற ஆளைக் கணக்கு பண்ணுங்க. படகு 40 கிலோ. நீங்க 85. ரெண்டு புள்ளைங்களும் சேந்து ஒரு 40. எம் பொண்ணு எடையை நான் சொல்ல மாட்டன், ஒரே வீட்டுல சோறு திங்கணும். டிபன் கேரியர், தண்ணி பாட்டில், நீங்க மறக்காம எடுத்தாற அந்தக் கேமராப் பை எல்லாம் போட்டு 230 வச்சிக்குவம். அஞ்சு வெரக்கடை எறங்கும். பக்கப் பலகை ஒரு அடி ஒசரம் வச்சிருக்கீங்க. மூணுல ஒரு பங்கு முழுகி, ரெண்டு பங்கு வெளிய நிக்கும். இது வரைக்கும் நீங்க பண்ணது சரி. பாத்தீங்களா, பாராட்டவும் எனக்குத் தெரியும்.

ஆனா நடுவுல எழுந்து நின்னு செல்ஃபி எடுப்பீங்க. எடுக்காம இருக்க மாட்டீங்க. வடலூர்ல சோத்துக்கு வரிசையில நின்னப்பவே எடுத்தவரு நீங்க. படகு ஒரு பக்கம் சாஞ்சா, சாஞ்ச பக்கம் அதிகமா முழுகும். அதிகமா முழுகுன பக்கத்தைத் தண்ணி அதிகமாத் தூக்கும். அதுதான் படகைத் திருப்பி நிமித்துது. அகலமான படகுக்கு அந்தத் தூக்கு தள்ளி வருது, அதனால தெம்பா நிமிரும். ஆனா பாரம் அடியில இருக்குற வரைக்கும்தான் அந்தப் பாச்சா பலிக்கும். 85 கிலோ பாரம் எழுந்து நின்னு ஒரு கையை நீட்டிக்கினு சிரிச்சா, நிமித்துற தண்ணியே நெட்டித் தள்ளிடும். ஒக்காந்து சிரிங்க மாப்ளே. போட்டோ நல்லாத்தான் வரும்.

நீங்க பாத்த அந்த வீடியோவுல வெள்ளைக்காரரு ரெண்டு கூடு வச்ச படகைக் காட்டி 'கேட்டமரான்'னு சொன்னாரே, நீங்ககூட என்னைக் கூப்ட்டு, "மாமா, இது நம்ம தமிழ் வார்த்தை"ன்னு பெருமைப்பட்டீங்க. டாம்பியர்னு ஒரு வெள்ளைக்காரரு 1697-லயே நம்ம சோழமண்டலக் கரையைப் பத்திப் புத்தகத்துல எழுதி வச்சாருன்னும் சொன்னீங்க. பேரு நம்மளுதுதான். ஆனா பேரை எடுத்துக்கினு போனவங்க மரத்தை இங்கயே வுட்டுட்டுப் போயிட்டாங்க. நம்ம கட்டுமரத்துக்குக் கூடும் கெடையாது, வயிறும் கெடையாது. லேசான மரத்தை நாலஞ்சு கட்டையா செதுக்கி, முன்னாலயும் பின்னாலயும் கயித்தால வரிஞ்சு கட்டுனது. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல இடுக்கு. தண்ணி கீழ வரும், மேல போவும், அது பாட்டுக்கு வந்து போற விருந்தாளி. உள்ள ரொம்பறதுக்கு எடமே இல்லாதப்ப முழுவறது எங்க? கடலுக்குப் போயி வந்ததும் கட்டை அவுத்து, கட்டைங்களை மணல்ல தனித்தனியா காயப் போடுவாங்க. ஊறுன கட்டை கனத்துப் போவும் இல்லையா? தெனம் அவுத்து, தெனம் கட்டற வண்டி. நீங்க "லேசான பலகைதான் மெதக்கும்"னு சொன்னது இந்த ஒரு எடத்துலதான் சரி. உங்களுது கட்டுமரம் இல்லியே!

உங்களுது எந்தச் சாதி தெரியுங்களா? தைச்ச படகு.

சிரிக்காதீங்க, நெசந்தான். பிளைவுட்டை வெட்டி, ஓரத்துல ஓட்டை போட்டு, செப்புக் கம்பியால கோத்து முறுக்கி, மேல எப்பாக்சி பசையைத் தடவுறீங்க. 1960-கள்ல இங்கிலாந்துல ஒரு பத்திரிகைக்காரங்க இந்த முறையைப் புடிச்சி வீட்டுக்கு வீடு படகு கட்ட வச்சாங்கன்னு பெரிய கண்டுபிடிப்பாட்டம் சொன்னீங்க. நம்ம கரையில அதுக்கு முன்னாலயே தேங்கா நாரால பலகைக்குப் பலகை தைச்சாங்க. மசூலான்னு பேரு. ஆணி கெடையாது, உள்ள விலா மாதிரி வங்கும் கெடையாது. தையலுக்கு அடியில வைக்கோலும் நாரும் திணிச்சி இறுக்குவாங்க. மெட்ராஸ்ல 1870-கள்ல தொறமுக வேலை ஆரம்பிக்கிற வரைக்கும் கப்பல்லாம் அலைக்கு அந்தாண்டதான் நிக்கும். அங்கேருந்து துரையையும் துரைசானியையும் அவங்க பொட்டியையும் கரை சேத்தது இந்தத் தைச்ச படகுதான். ஏன் ஆணி அடிக்கலை? அங்க அடிக்கிற அலையில படகு தரையில பொத்துன்னு விழும். ஆணி அடிச்ச படகு வெறைச்சிக்கினு நின்னு பொளந்துக்கும். தைச்ச படகு நெளிஞ்சு குடுத்துட்டு அடுத்த அலைக்குத் தயாரா நிக்கும். எம் பொண்ணுகிட்ட நீங்க எப்பிடி இருக்கணும்னு கல்யாணத்தன்னிக்கே நான் சொன்னது ஞாபகம் இருக்கா? அதேதான்.

ஆனா உங்க தையல் அப்பிடி இல்ல. பசை காஞ்சதும் அது வெறைச்சிக்கும். அதனால ஏரிக்கு ஆவும், அலைக்கு ஆவாது. அதை மனசுல வைங்க. சில்வர் பீச்சு பக்கம் அதைத் தூக்கிக்கினு போன சேதி கேட்டன்னா நான் பஸ் ஏறி வந்துடுவன்.

பசைன்னதும் ஞாபகம் வருது. பாத்ரூம் மக்கு எங்கன்னு நேத்து எம் பொண்ணு வீடு பூரா தேடுச்சி. நான் பாத்தன், ஆனா சொல்லல. மே மாசத்து நெய்வேலி வெயில்ல, ரெண்டு டப்பா பசையையும் ஒரே மக்குல ஊத்திக் கலக்கிட்டு, போன் வந்துதுன்னு அந்தாண்ட போயிட்டீங்க. திரும்பி வந்து பாத்தா மக்கு பொகையுது, அடி உருகி ஒரு பக்கம் ஒக்காந்துட்டுது. குமிச்சி வச்ச பசை தன் சூட்டுல தானே வேவும் மாப்ளே. கொஞ்சமா கலக்கணும், கலக்குனதை ஒடனே அகலத் தட்டுல பரப்பணும், வெயில் சாஞ்சப்பறம் வேலை செய்யணும். இது பரவாயில்ல. ஃபைபர் படகு கட்டுற கூடத்துல ரெசினுக்கு ரெண்டு மருந்து கலப்பாங்க, ஒண்ணு முடுக்கறதுக்கு, ஒண்ணு எறுகறதுக்கு. முடுக்கு மருந்தை மொதல்ல ரெசின்ல நல்லாக் கலந்துட்டு, அப்பறந்தான் அடுத்ததை ஊத்தணும். ரெண்டையும் நேருக்கு நேரா ஒண்ணா ஊத்துனா வெடிச்சிடும். சம்பந்தி சண்டை மாதிரி, நடுவுல ஒருத்தரு இருந்தே ஆவணும்.

ஃபைபருன்னு சொன்னா எனக்கு 2004 டிசம்பர் 26 வந்துடும். அதைப் பத்தி நான் ரொம்பப் பேசறதில்ல. தேவனாம்பட்டினத்துல கரை பூரா ஒடைஞ்ச கட்டையா கெடந்துது. அதுக்கப்பறம் ஊரு ஊரா ஃபைபர் படகு வந்து எறங்குச்சி. கண்ணாடி நாரு விரிப்பை அச்சுல போட்டு, ரெசினை ஊத்தி உருளையால உருட்டி, காஞ்சதும் அச்சுலேருந்து கழட்டி எடுக்குறது. இட்லி மாதிரி. கட்டுமரம் அதோட கரையேறிடுச்சின்னு சொல்லலாம். அந்த அவசரத்துல நேத்து வரைக்கும் தண்ணித் தொட்டி வார்த்தவன்லாம் படகு வார்த்தான். நார்விரிப்புக்குள்ள காத்துக் குமிழை அப்பிடியே வுட்டுட்டு மேல நீலப் பெயிண்ட் அடிச்சாங்க. பாக்க அழகா இருக்கும், ஒரு வருசத்துல ஒரிஞ்சிக்கும். நல்லாக் கட்டுன ஃபைபர் படகு நல்ல படகுதான், நான் பழசையே புடிச்சித் தொங்கற ஆளு இல்ல. ஆனா பெயிண்டைப் பாத்து படகை எடை போடறவனை எனக்குப் புடிக்காது.

நாங்க கட்டுனது வேற. மொதல்ல ஏரா. அடியில ஓடுற முதுகெலும்பு அது. அப்பறம் ரெண்டு பக்கமும் வங்கு, அது விலா எலும்பு. வங்குக்கு நேர் மரத்தை வாங்கி வளைக்கிறது முட்டாள்தனம். கருவேலத்துலயும் பூவரசுலயும் தானா வளைஞ்ச கெளையாப் பாத்துத் தேடுவம். மரத்து ரேகை வளைவோடயே ஓடணும். கோணல் மரம்னு வெறகுக்காரன் ஒதுக்குனதைத் தேடிக்கினு நான் கம்மாக்கரை கம்மாக்கரையா அலைஞ்சிருக்கன். நேரா வளந்ததைவிட கோணலா வளந்ததுக்கு வெலை கூடக் குடுத்த ஒரே தொழிலு எங்களுதுதான். அதுக்கு மேல பலகை. வெளிப்பக்கம் பூச முந்திரிக்கொட்டைத் தோல் எண்ணெய். உங்க ஊரைச் சுத்தித்தானே முந்திரிக்காடு, பண்ருட்டிப் பக்கந்தானே கொட்டை ஒடைக்கிறாங்க! அந்த எண்ணெய் கையில பட்டா தோலை உரிச்சிடும், அதனாலதான் பூச்சி மரத்தைத் தொடாது. 2011-ல தானே புயல் வந்து முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சப்ப, ஊரே தலையில கைய வச்சிக்கினு நின்னுது. நான் மட்டும் சாஞ்ச பலாவைச் சுத்திச் சுத்தி வந்து கெளை வளைவைப் பாத்துக்கினு இருந்தன். எம் பொஞ்சாதி திட்டுச்சி. தொழில் புத்தி அப்பிடி.

பலகைக்கும் பலகைக்கும் நடுவுல இருக்குற இடுக்குலதான் மனுசனோட யோக்கியதை தெரியும். பஞ்சுத் திரியை எண்ணெயில தோச்சி உளிய வச்சி, கொட்டாப்புளியால தட்டித் தட்டி எறக்கணும். மேல குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி ஊத்தணும். கலப்பத்துன்னு பேரு. சரியா எறங்கிடுச்சின்னா தட்டற சத்தம் மாறும், 'டப் டப்'னு இருந்தது 'டங்'னு வரும். எனக்கு இருவத்திரெண்டு வயசு இருக்கும்போது ஒரு வல்லத்துக்குக் கலப்பத்து போட்டன். அன்னிக்கி சாயங்காலம் ஒரு கல்யாண வீடு, கச்சேரி வேற. கடைசியில ரெண்டு முழத்துக்குப் பஞ்சு வைக்காம மேல குங்கிலியத்தை மட்டும் ஊத்தி மழமழன்னு தேச்சிட்டு ஓடிட்டன். எவனுக்குத் தெரியப் போவுதுன்னு நெனச்சன். தண்ணிக்குத் தெரிஞ்சிடுச்சி. நடுக்கடல்ல அவங்க கைலியைக் கிழிச்சித் திணிச்சி, துணி தொவைக்கிற சவுக்காரத்தை இடுக்குல அப்பி, ஆளுக்கொரு கை தண்ணி எறைச்சிக்கினே கரைக்கு வந்தாங்க. சொந்தக்காரரு நேரா எங்கிட்ட வந்தாரு. அடிப்பாருன்னு நின்னன். திட்டக்கூட இல்ல. தண்ணி எறைச்ச தகர டப்பாவை எங்கையில குடுத்துட்டுத் திரும்பிப் போயிட்டாரு. அந்த டப்பா இன்னும் எங்கிட்ட இருக்குது. இந்த முறை வரும்போதுகூட பையில எடுத்தாந்தன். எதுக்குன்னு கேக்காதீங்க.

பிளைவுட்டைத் திருப்பிப் பாத்தன் மாப்ளே, முத்திரை என்னான்னு. கடைக்காரன் 'வாட்டர்ப்ரூஃப்'னு சொன்னானா? அலமாரிக்கு வாட்டர்ப்ரூஃப் வேற, படகுக்கு வேற. ஐ.எஸ். 710-னு முத்திரை இருந்தாத்தான் மரைன் பிளைவுட். உங்களுதுல 303-னு இருக்குது. சமையக்கட்டுக்கு அருமையா இருக்கும். பரவாயில்ல, வாங்குனது வாங்கிட்டீங்க, ஒரு சீசனுக்குத் தாங்கும். ஆனா வெட்டுன ஓரம் பூரா பசையைக் குடிக்க வைங்க. பிளைவுட்டுக்கு மொகத்தால தாகம் எடுக்காது, ஓரத்தாலதான் எடுக்கும். பிஸ்கட்டை டீயில தோச்சிப் பாத்திருக்கீங்க இல்ல?

எங்க எறக்கப் போறீங்க? பெருமாள் ஏரியா? நல்ல எடம். உங்க மைன்ல எறைச்ச தண்ணிதானே அங்க போவுது. அது பரவனாத்தோட சேந்து கடைசியில எங்க முதுநகர்ப் பக்கந்தான் வரும். நீங்க மேல அனுப்புன தண்ணியில நான் கீழ படகு வுட்டுக்கினு இருந்திருக்கன், நமக்குச் சம்பந்தம் ஆவறதுக்கு முன்னாலயே. கேக்க வேண்டிய ஆளுங்களைக் கேட்டுக்குங்க, புள்ளைங்களுக்கு லைஃப் ஜாக்கெட் மொதல்ல வாங்கிடுங்க, அதுல மிச்சம் புடிக்காதீங்க. குட்டியானை பேசியாச்சின்னு சொன்னீங்க. ஓடம் வண்டியில ஏறும்னு பெரியவங்க சொன்னது உங்களை நெனச்சித்தான்.

ஆனா வண்டி வர்றதுக்கு முன்னால ஒண்ணு செய்யணும். படகை நிமித்தி ரெண்டு கட்டை மேல வைங்க. ஹோஸ் பைப்பைக் கொண்டாங்க. தண்ணிய உள்ள ஊத்துங்க. ஆமா, உள்ளதான். வெளிய நிக்க வேண்டிய தண்ணிய ஒரு தரம் உள்ள நிக்க வச்சிப் பாத்தா, அது போற வழியெல்லாம் தானே காட்டிக் குடுத்துடும். ஏரி நடுவுல போயி உள்ள வர்ற வழியைத் தேடறதைவிட, முருங்கை மரத்தடியில வெளிய போற வழியைப் பாக்குறது சுளுவு. ரொம்ப ஊத்த வேணாம், ஆறு வெரக்கடை போதும். அடியில கட்டை இல்லாத எடத்துல பாரம் தாங்காது.

எடுங்க சாக்பீஸ். எங்கெங்க சொட்டுதோ வட்டம் போடுங்க. அதோ முன்னால அணியத்துக்கிட்ட ஒண்ணு. கம்பி ஓட்டையில ஒண்ணு, பசை தடவாம வுட்டுட்டீங்க. மூலையில ரெண்டு. போன் வந்த எடம் இதுதான்னு நெனைக்கிறன், வரிசையா நாலு. அந்தாண்ட மூணு. பதினொண்ணு ஆச்சி. என்னா மாப்ளே, மொகம் தொங்கிப் போச்சி? மொத படகுக்குப் பதினொண்ணு கம்மிங்க. சத்தியமா சொல்றன், என்னோடதுக்கு எண்ணிக்கையே எடுக்கல, ஒரே கோடா இழுத்துட்டாரு மேஸ்திரி. நாளைக்கி ராத்திரி நானும் கூட ஒக்காறன், காய வச்சி, சொரண்டி, நார்த்துணி வச்சி அடைச்சிடலாம். மக்கு மட்டும் நீங்க புதுசா வாங்கிட்டு வாங்க.

பன்னெண்டாவது ஒண்ணு இருக்குது, பின்னால அமரத்துப் பக்கம், நீங்க நிக்கிற எடத்துலேருந்து தெரியாது. அதுக்கு வட்டம் போட வேணாம்னு எம் பொண்ணு சொல்லிட்டுது. என் தகர டப்பாவை அதுக்கு அடியில வச்சிட்டு, கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்திக்கினு இருக்குது.